இறங்காத டிரைவர்

மாணிக்கவாசகத்தின் வலது கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. பஸ் இல்லை, பிரேக்கும் இல்லை. டீக்கடை பெஞ்சானாலும் வீட்டு நாற்காலியானாலும் உட்கார்ந்ததும் பாதம் தரையை அழுத்திக்கொண்டு விறைத்து நின்றது.

ஹெப்பாள் தொழிற்சாலை ஒன்றுக்குப் பதினொரு வருஷம் ஷிப்ட் பஸ் ஓட்டியவர். இப்போது கேட் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். ஸ்டியரிங் இல்லாத தன்னை அவருக்கே அடையாளம் தெரியவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷத் தீபாவளிக்குள் கால் சரியாகாவிட்டால் பஸ் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரேயில் எலும்பு பளிச்சென்று இருந்தது. "வாயுதான்" என்று தெருவே வைத்தியம் சொல்லி, பூண்டு தின்றே அலுத்துப்போனார். கடைசியில் டாக்டர் அவரை மனநல ஆலோசகர் மேகனாவிடம் அனுப்பினார். பைத்தியம் என்று எழுதிவிடுவாளோ என்று பயந்துபோன மனுஷரிடம் அவள் மனசைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"கால் மிதிக்கட்டும் சார், தடுக்காதீங்க. கை என்ன பண்ணப் பாக்குது?"

குனிந்து பார்த்தார். வலது கை பக்கவாட்டில் எதையோ துழாவிக்கொண்டிருந்தது.

"கதவத் தொறக்கப் பாக்குதுங்க." சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

நாலு மாதத்துக்கு முன் ஸ்கூல் பையோடு ஒரு சிறுமி பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடிவந்து விழுந்தாள். மிதித்தார், பஸ் நின்றது. கதவில் கை வைத்ததும் கிளீனர் மல்லப்பன் கத்தினான்: "இறங்காதீங்கண்ணா, கூட்டம் அடிச்சே கொன்னுரும்!" டிரைவர்களுக்குள் அதுதான் சட்டம். குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று அவனே எட்டிப் பார்த்துச் சொன்னான். நடுங்கினால் வண்டி தரமாட்டார்கள் என்று பல்லைக் கடித்து ஓட்டி, ஷிப்டுக்கு ஆட்களை நேரத்தோடு சேர்த்தார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்த முட்டாள்தனம். அன்றைக்கு எல்லோரும் சபாஷ் என்றார்கள்.

"இப்போ இறங்குங்க," என்றாள் மேகனா. "மெதுவா."

இல்லாத கதவைத் திறந்து, நாற்காலியை விட்டு இறங்கினார். கால் உதற ஆரம்பித்தது. தொடை, இடுப்பு, தாடைவரை ஆடியது.

"ஆடட்டும் சார். நான் இங்கயேதான் இருக்கேன்."

"அந்தப் புள்ள எந்திரிச்சத நான் கண்ணால பாக்கலியேங்க!" மாணிக்கவாசகம் ஓவென்று அழுதார்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு போய் அந்தச் சிறுமியைப் பார்த்தார். கமர்கட்டை மென்றுகொண்டே அவரை முறைத்தாள். அதற்காகக் கால் உடனே சரியாகிவிடவில்லை. மேகனாவிடம் ஐந்து வாரம் போனார். ஒருநாள் மனைவி பாப்பாத்திதான் கவனித்துச் சொன்னாள்: "ஏனுங்க, காலு இன்னிக்குச் சும்மா இருக்குதுங்க!"

தீபாவளிக்கு முந்தின திங்கட்கிழமை பஸ்ஸை எடுத்தார். சிறுமி விழுந்த அந்த வளைவு வந்ததும் கால் இறுகியது. ஓரங்கட்டினார்.

"காலு ஆடுதுங்க, ரெண்டு நிமிஷம் இருங்க," என்று நாற்பது பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினார். ஜன்னலெல்லாம் தலைகள். மல்லப்பனுக்கு மானம் போயிற்று. அவர் சாலையோரம் நின்று, உடம்பு ஆடி ஓயும்வரை ஆடவிட்டு, ஏறி கியர் போட்டார்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக ஏழு நிமிஷம் தாமதம். கேட்டில் மேனேஜர் நின்றிருந்தார்.

"ஏன் லேட்டு?"

"காலு ஆடுச்சுங்க. நிறுத்தி, எறங்கி, ஆடி முடிச்சு வந்தேனுங்க."

"நாளைக்கும் ஆடினா?"

"நாளைக்கும் எறங்குவேனுங்க."

மேனேஜர் டிரிப் நோட்டைப் புரட்டினார். பிறகு சாயங்கால டிரிப்புக்கும் அவர் பெயரையே எழுதினார்.