கெல்பெக் கற்குவியல்

மழை பொய்த்த அந்தக் கோடையில் நீர்த்தேக்கம் வற்றி, எண்பது வருடம் முன்பு மூழ்கிப்போன கெல்பெக் கிராமம் தலைகாட்டியது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டது. ஐஸ்கிரீம் வண்டிகூட வந்து நின்றது. பக்கத்து ஊரான ரேவன்ஷாவுக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக்காட்டும் மேவிஸுக்கு மட்டும் அது வேடிக்கையாக இல்லை.

அணை கட்டும் முன் கெல்பெக்கின் கல்லறைகளையெல்லாம் தோண்டி ரேவன்ஷாவுக்கு மாற்றினார்கள். மேவிஸின் அண்ணனை மாற்றவில்லை. ஞானஸ்நானம் கொடுக்குமுன்பே, பிறந்த மறுநாள் செத்த குழந்தை. பாதிரியார் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அப்பா மதில் மூலைக்கு வெளியே புதைத்து, வெள்ளைக் கீற்று ஓடிய ஒரு கல்லை நட்டுவைத்தார். கணக்கில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்? “என் புள்ளைய தண்ணிக்கடியில விட்டுட்டு வந்துட்டேனே” என்று அம்மா சாகும்வரை புலம்பினாள். அந்த இடத்து மண் ஒரு பிடியாவது அம்மாவின் கல்லறையில் போட வேண்டும். மேவிஸுக்கு வேறு ஆசை கிடையாது.

போன வாரமே கரையிலிருந்து கல்லைக் கண்ணால் பார்த்துவிட்டாள். இடையில் முழங்கால் ஆழச் சேறு. காயட்டும் என்று விட்டாள். யாரிடமும் மூச்சுவிடவில்லை, வீட்டு விஷயத்தை வெளியே சொல்லிப் பழக்கமில்லாத ஜனங்கள். அந்த வீம்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சேறு காய்ந்த சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். சுற்றிப்பார்க்க வந்த கூட்டத்தை, அவளிடம் வேலை பழகிய டெரிக் அழைத்துப்போனான். மறுநாள் அவள் தன் கூட்டத்தோடு வந்தபோது, மதில் இருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு கற்குவியல்.

“எப்படியிருக்கு?” டெரிக் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “மூழ்கின ஊருக்கு மரியாதையா ஆளுக்கொரு கல்லு வைக்கச் சொன்னேன். மலையேறினா உச்சியில இருக்கிற குவியல்ல ஒரு கல்லு வைக்காம இறங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

“மதில் கல்லையுமா எடுத்தீங்க?”

“அது சும்மா சரிஞ்சு கெடந்ததுதானே! பத்திரிகைக்காரன்கூட வந்து படம் புடிச்சான், மேவிஸ்.”

“உன்னை மாதிரி கெட்டிக்காரன் ஊருக்கு ஒருத்தன் போதும்டா,” என்றாள். டெரிக் அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டான்.

குவியலைச் சுற்றி வந்தாள். இடுப்பளவு உயரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்தது. உருவி எடுத்தாள். இரண்டு கையிலும் அடங்குகிற சின்னக் கல். தரையைப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் காலடித் தடங்கள், காய்ந்து இறுகிப்போய். மூலை இதுவா, அதுவா? அங்கே போனாள், இங்கே வந்தாள். எந்த மண்ணை அள்ளுவது? இனி எத்தனை கோடை வந்தாலும் அவன் கிடைக்கமாட்டான்.

“பொதைச்சவங்க எல்லாரையும் மேல கொண்டுபோயிட்டாங்களா?” என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

“எல்லாரையும்,” என்றாள் மேவிஸ்.

“கல்லை வைங்க மேவிஸ், போட்டோ எடுக்கணும்,” என்றான் டெரிக்.

அதை வைப்பதற்கு அவளுக்கும் வேறு இடம் தெரியவில்லை. வைத்தாள்.