சன்னாசியின் சாட்சி

சன்னாசி பொய் சொல்வதில் கெட்டிக்காரர் இல்லை. அதனால்தான் ஒரே ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதமாகச் சோறும் இறங்காமல் தூக்கமும் இல்லாமல் கிடந்தார்.

கம்போங் குவாந்தான் ஆற்றோரம் அவர் குடியிருந்தது அரசாங்க நிலம், ஒரு ஏக்கர். எண்பத்தேழில், வெகுகாலம் குடியிருப்பவர்கள் கிராண்டுக்கு மனுப் போடலாம் என்றார்கள். கிராண்ட் கிடைத்தால் நிலம் சொந்தம். இல்லையென்றால் வீட்டைப் பிரித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மனுவில் ஒரு கேள்வி: உங்களுக்கு முன் இங்கே யாராவது இருந்தார்களா?

இருந்தான். செல்லன். காட்டை வெட்டித் திருத்தியவனே அவன்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. தோட்டத்து வேலையும் குடியிருந்த லயத்து வீடும் போய் நடுத்தெருவில் நின்ற சன்னாசியையும் அவர் மனைவி கங்காவையும், “வாடா, இங்க இரு” என்று சேர்த்துக்கொண்டான். இரண்டாம் வருடம் காய்ச்சலில் போய்விட்டான். கொல்லையிலேயே புதைத்தார்கள். அனுமதியில்லாமல் புதைத்தது தெரிந்தால் மனுவே போய்விடும் என்று சன்னாசிக்குப் பயம். ‘யாருமில்லை’ என்று எழுதினார். மேட்டை வெட்டிச் சமன் செய்து மரவள்ளி நட்டார். ச்சே, நானும் ஒரு மனுசனா என்றிருந்தது.

நில அலுவலகக் குமாஸ்தா வாசு உச்சிவெயிலில் வந்தார். கங்கா தேநீர் கலக்குவதற்குள் தனியாகக் கொல்லையைச் சுற்றிவிட்டு, எழுதிக்கொண்டே திரும்பினார்.

“வெகுகாலமா இங்க இருக்கறதுக்குச் சாட்சி இல்லன்னு சொன்னீங்க. அதான் பின்னால ஒருத்தர் இருக்காரே, போதும்லா.”

“யாருங்க?”

“மரவள்ளிக்கு நடுவுல உக்காந்திருக்காரு. நீங்க வந்து பதினோரு வருசம் ஆச்சாம். காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி ஊட்டுனீங்களாம். ஒங்களுக்கே கிராண்ட் குடுக்கணும்னு சொல்றாரு. பேரு செல்லன்.”

கங்கா அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். சன்னாசி கொல்லைக்கு ஓடினார். ஓர் இலைகூட ஆடவில்லை. மழை பெய்து இரண்டு வாரம் ஆகியும், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த இடத்தின் அளவுக்கு மட்டும் மண் ஈரமாக இருந்தது.

கோபமாக வந்திருந்தால்கூடத் தேவலை, பூசாரியைக் கூப்பிடலாம். கஞ்சி ஊட்டியதை நினைத்துச் சாட்சி சொல்ல வந்தவனை என்ன செய்வது?

“ஒரு சிக்கல் இருக்கு,” என்றார் பின்னாலேயே வந்த வாசு. “காட்டை வெட்டுனது தான்தான்னு அவரு சொல்றாரு. நீங்க யாருமே இல்லன்னு எழுதியிருக்கீங்க. திங்கக்கிழமை ரெண்டு பேரும் கோலசிலாங்கூர் ஆபீசுக்கு வந்து ஒரே மாதிரி சொல்லுங்க.”

“வராட்டி?”

“மனு தள்ளுபடிதான். அவரு வரேன்னுட்டாரு.”

திங்கட்கிழமை காலையில் கங்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள். “போவாதீங்க. வீடு போனா போவட்டும்.”

“அவன் வரேன்னுட்டான் புள்ள. நான் எப்படி போவாம இருக்கறது?”

பஸ்ஸில் கூட்டமில்லை. சன்னாசி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆற்றோர நிறுத்தம் தாண்டியதும், அவர் இருந்த நீள இருக்கை மறுபக்கம் மெல்ல அமுங்கியது. அவர் திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை.

கண்டக்டர் வந்தார். சன்னாசியைப் பார்த்தார், அவருக்குப் பக்கத்தில் பார்த்தார்.

“ரெண்டு பேரா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. மனுவில் எழுதியதும் அதுதானே.

“ஆமாங்க,” என்றார் சன்னாசி. “ரெண்டு பேரு. நெலம் இவனோடது.”