பதினோராவது குறிப்பு

அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்டால் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பெய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் முடிச்சூரில் யாரைக் கேட்டாலும் கொட்டித் தீர்த்தது என்பார்கள். ஒருமுறை வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் பார்த்தவர்களுக்கு வானம் கறுத்தாலே மழைதான். அது வியாழக்கிழமை என்கிறேன், புதனாகவும் இருக்கலாம். நாள் பிசகலாம், யார் என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்பதும் பிசகலாம். ஹேமாவதிக்கு நடந்தது இதுதான்.

முடிச்சூர் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஐந்தாம் வகுப்பு வரை மட்டும் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஹேமாவதி இரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு ஆசிரியை. ஐந்து வருடத்தில் இது அவளுக்கு மூன்றாவது பள்ளி. சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலாவது பள்ளியின் வரவேற்பறையில் போய் உட்காரும் தெம்பு அவளிடம் இல்லை. “ஜூன்ல பர்மனென்ட் பண்ணிடறேம்மா” என்று தாளாளர் பட்டாபிராமன் சொல்லியிருந்தார். அந்த ஜூனை நம்பித்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாடம் நடத்துவது போக அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. தினமும் காலையில் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ‘செய்திகளும் நினைவூட்டல்களும்’ போட வேண்டும். மேலே ஆங்கிலம், கீழே அதுவே தமிழில்.

அந்தத் தமிழ் ஒரே ஒரு ஆளுக்காக. கோகிலவாணி என்ற மாணவியின் அப்பா சம்பந்தம் முடிச்சூரின் பழைய குடி. மற்ற பெற்றோர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிகளில் பாதி, அவர் விற்ற நிலத்தில் நிற்பவை. இப்போது தண்ணீர் லாரி ஓட்டுகிறார். முதல் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, “டீச்சர், இங்கிலீஷ்ல போட்டா எனுக்கு இன்னா புரியும்? கீழ ஒரு தபா தமிழ்லயும் போட்டுடு” என்றார். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஹேமாவதியும் உள்ளுக்குள் சிரித்தாள். பட்டாபிராமன் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்குத் தண்ணீர் வருவது சம்பந்தத்தின் லாரியில்.

மற்ற நாற்பது பேருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. செய்தி விழுந்த மறுகணம் ‘நோட்டட் மேம்’ என்று எழுதி, கூப்பிய கைப் படம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். யார் முதலில் வைக்கிறாரோ அவரே பொறுப்பான பெற்றோர். அந்தப் பெருமை ஒருநாளும் சுந்தரவல்லியைத் தாண்டிப் போனதில்லை. அவள் பெற்றோர் சங்கத் தலைவி, அனிருத்தின் அம்மா. கணவர் ஸ்ரீநிவாசராகவன் நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். படிக்க இரண்டு நிமிடம் பிடிக்கும் செய்திக்கு அவள் நாலே விநாடியில் கும்பிடு போடுவாள். அதில் இருக்கும் விந்தை யாருக்கும் உறைத்ததில்லை, ஏனென்றால் மற்றவர்களுக்கு ஏழு விநாடி ஆனது.

சம்பந்தம் மட்டும் பதில் போடுவதே இல்லை. “சம்பந்தம் சார், கைண்ட்லி அக்னாலெட்ஜ். மத்த பேரன்ட்ஸ் எல்லாரும் ரெஸ்பான்ஸிபிளா இருக்காங்க” என்று சுந்தரவல்லி குழுவிலேயே ஒருமுறை குட்டினாள். அதற்கும் பதில் இல்லை.

அன்றைக்குக் கனமழை எச்சரிக்கை. பள்ளி பன்னிரண்டு மணிக்கே விடும் என்று தீர்மானமாயிற்று. ஹேமாவதி அதை முதல் வரியாக வைக்கப் போனாள். பட்டாபிராமன் தடுத்தார்.

“நல்ல சேதிதாம்மா மேல வரணும். நேத்து எனக்கு ரோட்டரியில சால்வை போட்டாங்களே, அந்த ஃபோட்டோ போடு. சீக்கிரம் விடறது எல்லாம் கீழ வரட்டும்.”

சால்வை முதலில் வந்தது. பிறகு வெள்ளிக்கிழமைக்கு மஞ்சள் உடை, நகம் வெட்டுதல், டப்பாவில் நூடுல்ஸ் கூடாது, பிறந்தநாளுக்குச் சாக்லேட் கூடாது என்று வரிசையாகப் போய், பதினோராவதாக, இன்று பன்னிரண்டு மணிக்குப் பள்ளி முடியும். நாலு விநாடியில் சுந்தரவல்லியின் கும்பிடு விழுந்தது. பின்னாலேயே முப்பத்தொன்பது கும்பிடுகள்.

வேன் டிரைவர்களுக்கு அலுவலகத்திலிருந்து போன் போனதால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்தார்கள். வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப்போகும் பிள்ளைகள் ஒன்பது பேர். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே சின்ன ரெயின்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவர் சம்பந்தம் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஹேமாவதி போன் மேல் போன் போட்டாள். ஏழு பேர் அலறியடித்து ஓடிவந்தார்கள். சுந்தரவல்லி அலுவலக மீட்டிங்கில் இருந்தாள், போன் சைலன்ட்டில் இருந்தது. ஸ்ரீநிவாசராகவனும் எடுக்கவில்லை.

அனிருத் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஹேமாவதி தன் எலுமிச்சை சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்துக் கொடுத்தாள்.

“எங்கம்மா எல்லா மெசேஜுக்கும் ரிப்ளை பண்ணிடுவாங்களே மிஸ்” என்றான்.

“ஆமாம்டா கண்ணா. பண்ணினாங்க.”

மூன்று நாற்பதுக்கு, வழக்கமான நேரத்தில், சுந்தரவல்லி காரில் வந்து இறங்கினாள். காலி மைதானத்தையும் படியில் தூங்கிப்போயிருந்த பையனையும் பார்த்ததும் அவள் குரல் உயரவில்லை. தாழ்ந்தது. அது இன்னும் மோசம்.

“ஒரு இன்ஃபர்மேஷன் கூட குடுக்காம குழந்தைய உக்கார வெச்சிருக்கீங்க.”

ஹேமாவதி போனை நீட்டினாள். சுந்தரவல்லி விரலால் மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். பதினோராவது குறிப்பைப் பார்த்தாள், அதற்குக் கீழே தன் கும்பிடையும் பார்த்தாள்.

“லெவன்த் பாயின்ட்டா போட்டா யார் மேம் பாப்பாங்க? உங்க கம்யூனிகேஷன் சரியில்ல” என்றாள் கடைசியில்.

மறுநாள் காலை பட்டாபிராமன் கூப்பிட்டார். “குரூப்ல ஒரு சாரி போட்டுடும்மா. ரெண்டே வரி. அவங்க சங்கத் தலைவி.”

“தப்பு என்னோடது இல்லையே சார்.”

“யாரு உன் தப்புன்னா? சாரிதான கேக்கச் சொல்றேன். ஜூன் வருது பாரு.”

ஹேமாவதி ஆசிரியர் அறைக்குப் போய்ப் போனில் தட்டத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் குழைந்து குழைந்து, தன் கவனக்குறைவால் நேர்ந்த சிரமத்துக்கு மனமார வருந்துவதாக எழுதினாள். கீழே தமிழ் எழுத வேண்டிய இடம் வந்தது. அங்கே விரல் சற்று நின்றது, பிறகு தானாகவே ஓடியது:

‘நேற்று நான் செய்த தவறு எதுவும் இல்லை. நீங்கள் யாரும் படிப்பதில்லை. கும்பிடு மட்டும் போடுகிறீர்கள். கும்பிடு போட்ட தாயின் பிள்ளை மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தது. தாளாளரின் சால்வை மேலே இருந்தது, உங்கள் பிள்ளைகள் கீழே இருந்தார்கள். இதையும் படிக்க மாட்டீர்கள்.’

அனுப்பினாள். ஐந்து விநாடியில் சுந்தரவல்லி: ‘தேங்க்யூ ஃபார் யுவர் கிரேஷியஸ் வேர்ட்ஸ் மேம்.’ தொடர்ந்து மாளவிகாவின் அம்மா, பிரணவின் அப்பா, ஸ்ம்ருதியின் அம்மா, இன்னும் முப்பத்தாறு கும்பிடுகள். பட்டாபிராமன் கட்டைவிரல் உயர்த்தினார்.

ஹேமாவதிக்கு உடம்பெல்லாம் லேசானது போல இருந்தது. நாற்பது படித்தவர்கள், அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள், தங்களைப் பற்றிய வசவுக்குக் கீழே வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் மூன்றாம் பாடவேளையைச் சிரித்த முகத்தோடு நடத்தினாள். அந்தத் தமிழை இத்தனை நாளாக யாருக்காக எழுதிக்கொண்டிருந்தாள் என்பதை மறந்தே போனாள். நாற்பது பேரை அவள் இகழ்ந்தாள், நாற்பத்தோராவது ஆளை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை. படிக்காதவர்களை ஏளனம் செய்யும் தகுதி அவளுக்கும் அவ்வளவுதான் இருந்தது.

சம்பந்தம் லாரியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது விரலை வரிக்கு வரி நகர்த்தி, எழுத்துக்கூட்டிப் படித்தார். பகல் இரண்டு மணிக்கு, அந்தக் குழுவில் முதல்முறையாக, அவருடைய குரல் வந்தது.

“டீச்சர், நான் சம்பந்தம் பேசறேன், கோகிலா நைனா. நீ தமிழ்ல எழுதிகீறத ஃபுல்லா பட்ச்சேன். ரெண்டு தபா பட்ச்சேன். புள்ளைய படியில உக்கார வச்சிட்டு பெத்தவங்க போன்ல கும்புடு போட்டுகினு கீறாங்கன்னு கரெக்டா சொல்லிகீற. சால்வை மேல, புள்ளைங்க கீழன்னு கரஸ்பாண்டன்ட்ட கேட்டுகீற பாரு, அந்த தில்லு இங்க எவனுக்கும் கெடையாது. நீ ஒண்ணும் பேஜாராவாத. நான் கீறேன்.”

படிக்காதவர்கள் எல்லோரும் அதைக் கேட்டார்கள். அடுப்படியில், காரில், நாவலூரில் காபி மெஷின் பக்கத்தில் கேட்டார்கள். கேட்டபின் விரலால் மேலே தள்ளித் தமிழைத் தேடினார்கள். குழுவில் அதற்குமேல் ஒரு கும்பிடுகூட விழவில்லை.

மூன்று மணிக்கு ஹேமாவதி தாளாளர் முன்னால் நின்றாள்.

“நான் அதுக்குத் தம்ப்ஸ் அப் போட்டிருக்கேன்” என்றார் பட்டாபிராமன். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. “எல்லாரும் என்ன நினைப்பாங்க?”

“படிச்சுட்டுப் போட்டீங்கன்னு நினைப்பாங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, ஃபைல் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். “நாளைலேர்ந்து வர வேணாம்மா” என்று அந்த ஃபைலிடம் சொன்னார்.

சம்பந்தம் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தார். இரண்டு நாள் லாரியை நிறுத்தினார். மூன்றாம் நாள் பட்டாபிராமன் பள்ளிக்கரணையிலிருந்து வேறு லாரி வரவழைத்துக்கொண்டார், இன்றும் அவர்தான் தாளாளர். சம்பந்தம் தன் மகளை மேற்குத் தாம்பரத்தில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். சுந்தரவல்லி இரண்டாம் முறையும் பெற்றோர் சங்கத் தலைவியானாள், எதிர்த்து யாரும் நிற்கவில்லை. அனிருத் மூன்றாம் வகுப்புக்குப் போனான், இப்போது வேனில் வருகிறான். கிறிஸ்டினா என்ற புது ஆசிரியை ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறாள். ஹேமாவதிக்கு ஆறு மாதம் வேலை கிடைக்கவில்லை. பிறகு செம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் யு.கே.ஜி.க்கு எடுத்தார்கள், தற்காலிகமாக.