செல்வநாயகிக்கு மட்டும் இறங்கிய கிணறு

சென்ற வருடம் சித்திரை மாதத்திலிருந்து, யாழ்ப்பாணத்து நீர்வேலிச் செல்வநாயகி வாளியை இறக்கினால் வீட்டுக் கிணற்றின் தண்ணீர் வாளிக்கு எட்டாமல் கீழே போனது. மற்றவர்களுக்கு அது இருந்த இடத்திலேயே இருந்தது. அளக்க வந்த பொறியியலாளர், கணவர் சீவரத்தினம் அள்ளும்போது பதினான்கு அடி, மனைவி அள்ளும்போது இருபத்திரண்டு அடி என்று குறித்து, பருவகால மாற்றம் என்று கையெழுத்துப் போட்டு, இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு போய்ச் சேர்ந்தார். மோட்டாரின் சுவிட்சைச் செல்வநாயகி போட்டால் காற்றுத்தான் வந்தது. ஊர் ஒரு கிழமை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. பிறகு ஊருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

காரணம் புருசன் பெண்சாதி இருவருக்கும் தெரியும். அவர்களுடைய மகன் கேதீஸ்வரன் கொரியாவின் ஜேஜு தீவில் ஒரு மீன் பண்ணையில் வேலை செய்கிறான். அதற்கு முந்திய மாதம் பார்க்கப் போன தாய் தகப்பனைக் கூட்டித் திரிய அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கூட வேலை செய்யும் ஜெயசுதன் தன் ஓய்வு நாளைக் கொடுத்துக் கார் ஓட்டினான். கடலில் விழும் அருவி, அணைந்துபோன எரிமலை, மூச்சைப் பிடித்துக் கடலடியில் சங்கு பொறுக்கும் பெண்கள், ஆரஞ்சு நிறத்தில் காய்த்துக் கிடந்த தோடம்பழத் தோட்டம் எல்லாம் காட்டினான். "அம்மா, மெல்ல இறங்குங்கோ" என்று படிகளில் கை கொடுத்தான். மத்தியானம், விடியவே எழும்பித் தான் போட்டுவந்த இஞ்சித் தேநீரைச் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து ஊற்றி நீட்டினான். கப்பைக் கையில் வாங்கிய பிறகுதான் செல்வநாயகி கேட்டார்.

"தம்பி எவடம்?"

"புத்தூர், அம்மா."

"புத்தூரிலை எவடம்? ஆரின்ரை மகன்?"

அவன் சொன்னான். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி ஊரை அறியக் கேட்பதல்ல, சாதியை அறியக் கேட்பது. அது அவனுக்கும் தெரியும்.

"எனக்குத் தாகமில்லை, தம்பி" என்று கப்பைத் திருப்பிக் கொடுத்தவர், பத்து நிமிடத்தில் ஒரு கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிப் பின் இருக்கையில் மடமடவென்று குடித்தார். கண்ணாடியில் அதைக் கண்ட ஜெயசுதன், அவர் வசதியாகக் குடிக்கட்டும் என்று காரை ஒரு மரநிழலில் நிறுத்தினான். சீவரத்தினம் தன் தேநீரைக் குடித்தார், மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கக்கேடு இருவருக்கும் பொதுதான். கிணறு ஏன் அவரை விட்டுவைத்தது என்பது விளங்கவில்லை.

எட்டு மாதம் பொறுத்துச் செல்வநாயகி தனியாக பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு தன் கிணற்றில் தானே அள்ள வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். வாசலில் நின்று தன் மகனின் பெயரைச் சொன்னதும், ஜெயசுதனின் தாய் இரத்தினம்மா வெங்காயம் ஆய்வதை விட்டு எழுந்து வந்தார்.

"கேதீஸின்ரை அம்மாவே? வாங்கோ, வாங்கோ. ஜெயசுதன் போனிலை உங்களைப் பற்றித்தான் ஒரே கதை. தான் போட்ட தேத்தண்ணியை நீங்கள் ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சனீங்களாம். கேட்டு எனக்குச் சரியான சந்தோசம்."

உண்மையைச் சொன்னால் செல்வநாயகியின் பாரம் குறையும், இந்த மனுசியின் சந்தோசம் போய்விடும்.

"ஓம்" என்றார். "நல்ல தேத்தண்ணி."

இரத்தினம்மா ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தார். இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வீட்டில் சீவரத்தினம் வாளியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இப்ப ஒருக்கா அள்ளிப் பாருமன்."

"வேண்டாம். நீங்களே அள்ளுங்கோ."

அதற்குப் பிறகு செல்வநாயகி கயிற்றைத் தொடவில்லை. தாகமெடுத்தால், கிணற்றில் அள்ள விடப்படாத சாதிக்காரர் ஒருகாலத்தில் நின்றதுபோல, கிணற்றடியில் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நிற்கிறார். கணவரோ, தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்களோ ஊற்றிவிட்டுப் போகிறார்கள்.