வெள்ளிக்கிழமைப் பாசி

ஒன்பது ரூபாய் ஆறணா. எனக்கு நாளுக்கு ஒரு ரூபாய், என் பெண்சாதி தேவானைக்கு ஒன்பதணா, ஆறு நாள் வேலை. அடையாற்றில் வக்கீல் கஸ்தூரிரங்கன் பங்களாக் குளத்தில் பாசி எடுத்ததற்கு அவர் தர வேண்டிய கூலி அது.

கூடையில் அள்ள வராத பாசி. பச்சைச் சாயம் கரைத்துவிட்ட மாதிரி தண்ணீர் முழுக்க நிற்கும். பழைய வேட்டியை ஆளுக்கொரு முனை பிடித்து, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அரித்தோம். மூன்றாம் நாளே தேவானைக்குக் கால் தடித்துக் கொப்புளம் கண்டது. கூலி வரட்டும், களிம்பு வாங்கலாம் என்று சொல்லிச் சொல்லியே அவளை இறக்கினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடித்தோம். அடித்தரை தெரிந்தது. வக்கீலே பார்த்துத் தலையாட்டினார். அவர் சம்சாரம் கோமளம்தான் உள்ளேயிருந்து, "வெள்ளிக்கிழமை விளக்கேத்தற நேரத்துல ஆத்துக் காசு வெளியே போகப்படாது. நாளைக்கு காஞ்சிபுரம் கல்யாணம் இருக்கு, திங்கட்கிழமை வரட்டும்" என்றாள்.

இரண்டு நாளும் நல்ல வெயில். திங்கட்கிழமை போனால் குளம் பச்சை.

"இதுக்கா கூலி?" என்றார் வக்கீல்.

"நீங்களே பாத்தீங்களே சாமி, சுத்தமாத்தானே இருந்திச்சு?"

"ரெண்டு நாள்ல முளைக்க இது இன்னா கீரையா?" என்றாள் தேவானை. "எவனோ சாயம் ஊத்திகீறான்."

வக்கீல் மகனுக்குப் பாடம் சொல்ல வந்த ஆம்ப்ரோஸ் வாத்தியார், கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். எங்களுக்காகத்தான் பேசினார்.

"இவங்க மேல தப்பில்லை சார். இது அழுக்கு இல்லை, உயிர். கண்ணுக்குத் தெரியாத கிருமி ஜாதி. வெயிலை வச்சே சாப்பாடு பண்ணிக்கும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வக்கீல் சிரித்தார்.

"அப்போ உசிரோட விட்டுட்டுப் போயிருக்கான்னு நீரே சொல்றீர். வேலை முடியலைன்னுதானே அர்த்தம்?"

வாத்தியார் தம்ளர் தண்ணீரைக் குளத்திலேயே கொட்டிவிட்டுப் பையனுக்குப் பாடம் சொல்ல உள்ளே போனார். அவருக்கும் சம்பளம் அந்த வீட்டில்தான்.

மூன்று ரூபாயும் ஒரு சீட்டும் வந்தன. போன வருஷம்தான் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். விரல் வைத்து வாசித்தேன்: கூலி முழுவதும் பெற்றுக்கொண்டேன், பாக்கி ஒன்றுமில்லை.

"முழுவதும்னு போட்டிருக்கே சாமி."

"படிக்க வருமா? பேஷ். அப்போ கைநாட்டு வேண்டாம், கையெழுத்தே போடு."

தேவானை குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். சொறிந்த இடத்தில் நீர் கசிந்தது. "போட்டுட்டு வாய்யா. மூணு ரூபாய்க்குக் களிம்பு வராதா?"

போட்டேன். பாக்கி ஆறு ரூபாய் ஆறணாவும் அந்தக் குளத்தோடு தீர்ந்தது.