ஒரு வரிதானே

எங்கள் இணையத்தளத்துக்கு வரும் மாகாண சபைக் காசு மார்கழியோடு நிற்கப்போகிறது என்பதை, அந்தக் காசுக்குப் பொறுப்பான அதிகாரி கனகலிங்கம் சேர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் வாய்க்குக் கிட்ட ஏதாவது வைத்திருப்பார். எங்கள் அறையின் ஏசியைக் கழற்றப்போகிறார்கள் என்பதைப் போன முறை வடை தின்றபடி சொன்னவர். கழுவுற மீனில் நழுவுற மீன் என்று அம்மா சொல்வது இப்படியான அதிகாரிகளைத்தான்.

தளம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மாடி அறை, இரண்டு கொம்பியூட்டர், நான், டொக்டர் செபநாயகம். நாய் கடித்தால் என்ன செய்வது, பிள்ளைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காரர் விரதம் பிடிக்க முதல் யாரைக் கேட்பது என்று எங்கள் சனத்துக்கு விளங்கும் தமிழில் நான் எழுதி இணையத்தில் போடுவேன். போட முதல், பென்சன் எடுத்த டொக்டர் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாதியை வெட்டி எறிவார். பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் எழுதியதை வெட்டித் தள்ளிய எனக்கு அது வேண்டியதுதான். எங்கள் பக்கங்களில் விளம்பரம் கிடையாது. எதையாவது வாங்குங்கள் என்று நாங்கள் யாரையும் கேட்டதில்லை. எனக்கிருந்த திமிர் எல்லாம் அது ஒன்றுதான்.

"யூடியூப்பிலை உதெல்லாம் சும்மா கிடக்குதே, கேதீஸ்வரி," என்றார் கனகலிங்கம் சேர். "அரசாங்கம் ஏன் காசு குடுக்கவேணும் எண்டு மேலை கேக்கினம்."

"குழாய்த் தண்ணிக்கு ஏன் சேர் அரசாங்கம் செலவழிக்குது? குளத்திலை சும்மா கிடக்குதே."

சிரித்தார். சிரித்துவிட்டு, "அது சரி, உங்கடை பக்கங்களை எத்தினை பேர் பாக்கினம்?" என்று கேட்டார்.

மழைக்காலத்தில் டெங்குப் பக்கத்தை ஊரே பார்க்கும். ஆனால் கந்தசஷ்டி விரதமும் சீனி வருத்தமும் என்று நான் மினக்கெட்டு எழுதிய பக்கத்தைப் பார்ப்பவர்கள் ஒரு மினிபஸ்ஸில் அடங்குவார்கள். அதுவும் எல்லாருக்கும் இருக்க இடம் கிடைக்கும்.

"அப்ப வேறை வழி பாப்பம்," என்று எழுந்து போனவர், வேறு வழியை அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வந்தார். வேறு வழியின் பெயர் றொகான்.

பொல்லாத ஆள் என்று சொல்ல முடியாது. மடிப்புக் கலையாத சேட்டு, வார்த்தைக்கு வார்த்தை மிஸ். மூலிகைத் தூள் விற்கும் கொம்பனி ஒன்றில் வேலை. 'விரதகாரருக்கு வரப்பிரசாதம்! பசியும் தெரியாது, சீனியும் ஏறாது' என்று மருதனார்மடம் சந்தியில் அந்தத் தூளுக்கு ஒரு பதாகை தொங்கியது. மார்கழிக்குப் பிறகு எங்கள் செலவை அந்தக் கொம்பனி ஏற்கும் என்றான். விளம்பரம் போடத் தேவையில்லையாம். பெயர்கூடப் போடத் தேவையில்லையாம்.

"பிறகு என்னத்துக்குத் தாறீங்கள்?" என்று கேட்டேன்.

"சமூக சேவைதான், மிஸ்." பிறகு, "ஒரே ஒரு சின்ன விசயம். விரதப் பக்கத்திலை ஒரு வரி கிடக்கு. அதை எடுத்துவிட்டால் எங்கடை டிரெக்டர்மார் கையெழுத்து வைக்கிறதுக்குச் சுகமாயிருக்கும்," என்றான்.

எந்த வரி என்று நான் கேட்கத் தேவை இருக்கவில்லை. 'சீனியைக் குறைக்கும் என்று விற்கப்படும் மூலிகைத் தூள்களை விரத நாட்களில் குடிக்க வேண்டாம். சீனிக்கு எடுக்கும் மாத்திரை, குளிசையோடு சேர்ந்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.' டொக்டர் ஒரு சொல்லையும் வெட்டாமல் விட்ட அபூர்வமான இடம் அது.

"ஒரு வரிதானே," என்றார் கனகலிங்கம் சேர், பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் தோய்த்தபடி.

டொக்டர் அந்தக் கிழமை கண் ஒப்பரேசனுக்காகக் கொழும்பில் இருந்தார். போன் எடுத்துக் கேட்டிருக்கலாம். என்ன சொல்வார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. நாய்க்கடிப் பக்கமும் டெங்குப் பக்கமும் காய்ச்சல் பக்கமும் எல்லாம் மூடிப்போவதா, இல்லை ஒரு வரி போவதா? இப்படி ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொண்டால் விடை தானாக வந்துவிடும், கேள்வியை அப்படித்தானே செய்து வைத்திருக்கிறோம். விரதம் தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம் அந்த வரியை எடுத்தேன். எடுத்த இடம் தெரியவில்லை. காசு கைக்கு வந்த பிறகு வேறு விதமாக எழுதிச் சேர்த்துவிடலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவரைக்கும் யார் பார்க்கப்போகிறார்கள்?

என் அக்கா நாகேஸ்வரி கொழும்புத்துறையில் இருக்கிறாள். அத்தானுக்குக் கடற்றொழில். அக்காவுக்குச் சீனி வருத்தம் பல வருடமாக இருக்கிறது, கந்தசஷ்டி விரதம் அதற்கும் முந்தியது. ஆறு நாளும் பகலில் தண்ணீர், இரவில் கொஞ்சம் பாலும் பழமும். விட்டுவிடு என்று நான் சொல்லாத வருடம் இல்லை. "உபதேசத்தை ஊருக்கு எழுது, எனக்குச் சொல்லாதை. உன்ரை பக்கத்தை ஆரடி பாக்கினம்?" என்று அவள் சொல்லாத வருடமும் இல்லை. என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள், என் தலையில் பேன் பார்த்தவள். அவள் போய் என்னிடம் வைத்தியம் கேட்பாளா என்று நானும் விட்டுவிட்டேன்.

சூரன்போர் அன்று பின்னேரம் கோயில் வீதியில் கால் வைக்க இடமில்லை. சூரன் தலையை மாற்றி மாற்றி வந்து ஆடினான். மேளம் காதைப் பிளந்தது. அக்கா விரதகாரப் பெண்களோடு முன்னுக்கு நின்றாள், நானும் அத்தானும் கொஞ்சம் பின்னுக்கு நின்றோம். திடீரென்று அக்கா ஆடத் தொடங்கினாள்.

"நாகேசுக்குக் கலை வந்திட்டுது!"

யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் அடுத்த கணம், சாமி இறங்கிவிட்டது என்று பெண்கள் அவளைச் சுற்றி வளைத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். இன்னொருத்தி, "தாயே, என்ரை மகனுக்கு விசா கிடைக்குமோ?" என்று கேட்டாள். அக்கா கண் சொருகி, "வலையை எடு, வலையை எடு," என்று முணுமுணுத்தாள். கேட்டவள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

நானும் கும்பிட்டேன். அந்த மேளத்துக்கும் அந்தச் சனத்துக்கும் நடுவில் கை தானாகத்தான் கூடியது. பிறகுதான் மூளை வேலை செய்தது. அக்காவுக்குக் கலை வந்த வரலாறே இல்லை. தீபாராதனை நடக்கும்போது பக்கத்தில் நிற்பவளிடம் இன்றைக்கு இறால் என்ன விலை போனது என்று கேட்கிறவள் அவள். தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்துபோய், வேர்வையில் வழுக்கியது. சீனி இறங்கினால் நடுக்கம், குளிர்ந்த வேர்வை, தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு. நானே எழுதிய பக்கம் என் முன்னால் ஆடிக்கொண்டு நின்றது.

"சர்க்கரைத் தண்ணி! ஆராவது சர்க்கரைத் தண்ணி கொண்டு வாங்கோ!"

"கலை வந்த உடம்பைத் தொடாதை!" என்று ஒருத்தி என் தோளைப் பிடித்து இழுத்தாள். "பாரணை நாளைக்கு விடியத்தான். அதுக்கு முதல் விரதத்தை முறிச்சுப்போட்டு நாசமாப் போகப்போறியோ?"

"முருகன் ஒண்டும் சொல்லமாட்டார். நீங்களும் ஒண்டும் சொல்லாதேங்கோ!"

அத்தான் தண்ணீர்ப் பந்தலுக்கு ஓடி ஒரு செம்போடு வந்தார். நல்ல காலம், அக்காவுக்கு இன்னும் விழுங்கத் தெரிந்தது. மிடறு மிடறாகப் பருக்கினோம். பாதி உள்ளே போனது, மீதி சீலையில் போனது. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த கோபம் சூரனுக்குக்கூட அன்றைக்குக் கிடைத்திருக்காது. அங்கே அவன் கடைசித் தலையும் விழுந்து சனம் ஆர்ப்பரித்தபோது, அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"எடியே, ஏன் என்ரை சீலையை நனைச்சனி?"

அந்தக் கேள்வியைக் கேட்டு நான் விக்கி விக்கி அழுதேன். அப்படியே ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். குளிசையின் வேகம் இன்னும் உடம்பில் நிற்கிறது, சீனி திரும்பவும் இறங்கலாம், வாட்டில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அடுத்த நாள் காலையில் போனபோது அக்கா கட்டிலில் எழுந்திருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆள் தேறிவிட்டாள் என்று கண்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கிளினிக்கிலை ஒரு சொல்லுக் கேட்டனியே? விரதம் எண்டு சொல்லிக் குளிசையைக் குறைக்கக் கேட்டனியே?"

"கேட்டனான். காலமைக் குளிசையை விடச் சொன்னவை. இரவுக் குளிசையைப் பாதியாக்கச் சொன்னவை. அப்பிடியேதான் செய்தனான்."

நான் எதிர்பார்க்கவில்லை. "ஆர் உன்னைக் கேக்கச் சொன்னது?"

"உன்ரை பக்கத்திலைதானே கிடக்கு, விரதம் தொடங்க முதல் கிளினிக்கிலை கேளுங்கோ எண்டு."

"நீ பாக்கிறனியே?"

"ஒண்டும் விடாமல் பாக்கிறன். சொன்னால் உனக்குத் தலைக்கனம் கூடும் எண்டு சொல்லுறேல்லை," என்று இடியப்பத்தைப் பார்த்தபடி சொன்னாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"பிறகேன் சீனி இப்பிடி இறங்கினது?"

"தூளாலையாம். இங்கத்தை டொக்டர் சொன்னவர்." கைப்பையில் இருந்து ஒரு பக்கற்றை எடுத்துக் கட்டிலில் போட்டாள். மருதனார்மடம் சந்திப் பதாகையில் இருந்த அதே படம். "போன வருசமே வாங்க நினைச்சனான். பசி தெரியாது எண்டு கடைக்காரன் சொன்னவன். உன்ரை பக்கத்தைப் பாத்தன், குடிக்க வேண்டாம் எண்டு கிடந்துது. விட்டிட்டன். இந்த வருசம் விரதம் தொடங்கினண்டு காலமை திருப்பிப் பாத்தன், அந்த வரி இல்லை. டொக்டர்மார் ஆராய்ஞ்சு பாத்து எடுத்திட்டினமாக்கும் எண்டு நினைச்சுத்தான் குடிச்சனான்."

வாட்டில் பக்கத்துக் கட்டில்காரி ரேடியோவில் பாட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் பக்கற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேனே, பார்த்தவள் எனக்கு முன்னால் திருநீறு அழியாத நெற்றியோடு இருந்தாள்.

"டொக்டர்மார் எடுக்கேல்லை, அக்கா. நான்தான் எடுத்தனான்."

சொல்லி முடித்தேன். கனகலிங்கம் சேரையும் றொகானையும் மார்கழியையும் எல்லாம் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எவ்வளவு தந்தவங்கள்?"

"இன்னும் தரேல்லை."

"அப்ப என்னைக் கடனுக்கோ வித்தனி?"

அவள் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிக்க முடியவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. அங்கேயே, அவள் பார்த்துக்கொண்டிருக்க, போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வரியைத் திரும்பப் போட்டேன். அதன் கீழே, விரதகாரர் கோயிலில் நடுங்கி வேர்த்தால் கலை என்று விட்டுவிடாமல் முதலில் இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள் என்று இன்னொரு வரியும் எழுதினேன். டொக்டருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை முழுக்கச் சொல்லவிட்டார். பிறகு, "வரியைத் திருப்பிப் போட்டாச்சோ?" என்று மட்டும் கேட்டார். போட்டாச்சு என்றேன். புதிதாக எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, 'நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்' என்று சேர்க்கச் சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டார்.

றொகானுக்குக் காசு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். இனிக் கனகலிங்கம் சேர்தான் மிச்சம். மாகாணக் காசை நிறுத்தவேண்டாம் என்று அவரிடம் கேட்கும்போது, நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன், அவர் எதை வேண்டுமானாலும் கடித்துக்கொண்டு கேட்கட்டும்.

"மாகாணத்திலை தொடர்ந்து காசு தருவினம் எண்டு நிச்சயமில்லை," என்று அக்காவிடம் சொன்னேன். "தராட்டி மார்கழியோடை எல்லாத்தையும் மூடவேண்டியதுதான்."

அக்கா என் போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, திரும்ப வந்த வரியை ஒருமுறை வாசித்தாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"மூடினால் மூடட்டும். மூடிக் கிடந்திருந்தால் நான் கிளினிக்கிலை தூளைப் பற்றியும் ஒரு சொல்லுக் கேட்டிருப்பன். உன்ரை பக்கம் திறந்து கிடந்தபடியாத்தான் ஒருத்தரையும் கேக்காமல் குடிச்சனான்."