கான்ச்சோவின் நான்கு டயர்கள்

வெல்கோவை நான் மன்னிக்கப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் மலையூரில் டாக்சி ஓட்டுகிறவன் அவன். போன அக்டோபரில், மழையில், மரஅறுவை ஆலை வளைவில் அவன் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. உள்ளே இருந்தவள் என் தங்கை நெவெனா. இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்தது. மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவள், இன்றுவரை தனியாகப் படி இறங்கியதில்லை.

வண்டியைத் தூக்கியபோது டயர் நான்கும் மொட்டை. கிரேன்காரன்தான் மாற்றிவிட்டான் என்று வெல்கோ நீதிமன்றத்தில் சத்தியம் செய்தான். கூடவே ஒரு காகிதத்தை நீட்டினான். விபத்துக்கு ஆறு வாரம் முன்பு எடுத்த எஃப்.சி. டயர் நான்கும் நல்ல நிலை என்று அதில் எழுதியிருந்தது. கீழே கையெழுத்து என்னுடையது. ஊரின் வண்டிச் சோதனை நிலையத்தில் நான்தான் பரிசோதகர்.

"அவங்க அக்கா தோன்காவே கையெழுத்துப் போட்டிருக்காங்கய்யா, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றான். நீதிபதி அவனை விட்டுவிட்டார். நாங்கள் மேல்முறையீடு செய்தோம்.

அந்தக் கையெழுத்தின் கதையையும் சொல்ல வேண்டும். கான்ச்சோ என்று ஒரு பழைய லாரி டிரைவர். அவர் கொட்டகையில் ஒரு செட் சக்கரம் இருக்கிறது, ரப்பர் பட்டன் தேயாத டயரோடு. எஃப்.சி. அன்று காலையில் அதை மாட்டிக்கொண்டு வருவது, சாயங்காலம் ஒரு புட்டி ரக்கியா சாராயத்தோடு திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பாதிரியார் வண்டிகூட அந்த இரவல் காலோடுதான் பாஸாகும். ஒரு டயரின் ஓரத்தில் கான்ச்சோ வீட்டு கேட்டின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். வெல்கோ வந்த அன்றும் அந்தப் பச்சையைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஊரோடு ஒத்து வாழ் என்பது எவ்வளவு சௌகரியமான பழமொழி!

இந்த மாதம் காதில் ஒரு செய்தி விழுந்தது. மேல் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வேலை வெல்கோவுக்குக் கிடைக்கப்போகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் புது எஃப்.சி. காட்டினால் போதுமாம். அப்பா சாராயம் காய்ச்சிய செப்புக் கொப்பரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு கான்ச்சோ வீட்டுக்குப் போனேன்.

"இனி நீங்க எவன் புட்டிக்கும் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம் மாமா. இதை வச்சுக்கிட்டு அந்த செட்டை என் பேருக்கு எழுதிக் குடுங்க. டயர் நம்பரோட."

கொப்பரையைத் தட்டிப் பார்த்தார். "டயரை இப்பவே தூக்கிட்டுப் போறியா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கேக்கிறவனுக்குக் குடுங்க."

"கேக்கிறவன் யாருன்னு எனக்கும் தெரியும்டி," என்றார். நெவெனாவின் கல்யாணத்தில் ஆடியவர் அவர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெல்கோ வந்தான். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினான். பிறகு பல்லைக் காட்டினான்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத தங்கச்சி. வண்டியைப் பாரு. மைலேஜே தர மாட்டேங்குது, குடிகாரன் கணக்கா குடிக்குது."

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினேன். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. "இது மூச்சு விட வேண்டாமா வெல்கோ அண்ணே? இதை மாத்தி, டயருக்கு ஒழுங்காக் காத்து புடிச்சாலே பாதி சரியாகும். டயர்ல மிச்சம் புடிக்கிறதை டாங்கில கொட்டுறீங்க."

"டயருக்கு என்ன? ராசா மாதிரி இருக்கு!"

"இருக்கு. உங்களுதுதானா?"

"பின்ன உங்கப்பன் வீட்டுதா?"

எங்கள் முதலாளி சோதனைக் கூடத்தில் கேமராவோடு மைக்கும் மாட்டியிருந்தார். அதன் நேர் கீழே நின்று சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். டயர் நம்பர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தேன். பிறகு லிஃப்டை உயர்த்தி நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுவரோரம் உருட்டிவிட்டேன். அவன் வண்டி காலில்லாமல் அந்தரத்தில் தொங்கியது. எனக்கு அந்தக் காட்சி இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

"என்னடி பண்ற?"

"என் சொத்தை எடுக்கிறேன். எனக்கு எழுதிக் குடுத்த டயர் உங்க வண்டியில எப்படி வந்துச்சு? திருடினதா? போலீசைக் கூப்பிடவா?"

"திருட்டா! கான்ச்சோகிட்ட இரவல் வாங்கினதுடி!" கத்தினான். "எப்பவும் வாங்குறதுதானே!"

"எப்பவுமா? போன எஃப்.சி.க்கு வந்தது உங்க சொந்த டயருன்னு கோர்ட்ல சொன்னீங்களே."

"பெரிய யோக்கியம் மாதிரி பேசாத! அன்னைக்கும் இதே செட்டுதான். அந்தப் பச்சைப் பெயிண்டைப் பாத்துட்டுத்தானே நீ கையெழுத்துப் போட்ட!"

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பாவின் கொப்பரையைக் கொடுத்தேன்.

"ஆமா, பாத்துட்டுத்தான் போட்டேன்," என்றேன். "இன்னொரு தடவை சொல்லு வெல்கோ. அந்த மைக்குக்குக் கொஞ்சம் காது மந்தம்."

அவன் அண்ணாந்து பார்த்தான். கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது.

படிவத்தில் 'தகுதியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த மேசையில் நான் போடும் கடைசிக் கையெழுத்து அதுதான் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாத விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் அவன் பக்கத்தில் நானும் நிற்பேன். பரவாயில்லை, நிற்கிறேன். அவனைத் தனியாகப் போகவிட்டால் மறுபடியும் தப்பித்துவிடுவான்.